ஒரே ஒலி, இரண்டு ஆடை: ‘பனியன்’ என்ற சொல்லை மொழிபெயர்த்ததில் நேர்ந்த பிழையும் அதன் திருத்தமும்

பின்னணி

சோழமண்டலக் கரையில் வண்ணம் தீட்டி 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றிய சீட்டித் துணிகளைப் பற்றி ஒரு படக்கண்காட்சி. அதற்குத் தமிழில் விளக்க அட்டைகளும் ஒரு சிறு கையேடும் தேவைப்பட்டன. மூலம் ஆங்கிலத்தில் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர், பதிப்பாசிரியர் ஒருவர், பழந்துணிகளைப் பற்றி நன்கறிந்த ஆலோசகர் ஒருவர் என மூவர் இந்த வேலையில் இருந்தனர். அட்டைக்கு அறுபது சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்பது ஒரே கட்டுப்பாடு.

சிக்கல் ஒரே ஓர் அட்டையில்தான் எழுந்தது. படத்தில் இருந்தது கணுக்காலைத் தொடும் நீண்ட ஆண் ஆடை. முன்புறம் முழுவதும் திறந்திருந்தது, கைகள் அகலமாக இருந்தன, வெள்ளை நிலத்தில் சிவப்பும் நீலமுமாகப் பூங்கொடி ஓடியது. மூல அட்டையில் பொருளின் பெயரோடு நான்கு செய்திகள் இருந்தன: துணி சீட்டி, இடம் சோழமண்டலக் கரை, காலம் சுமார் 1750–1775, செய்தது ஐரோப்பியச் சந்தைக்கு. பொருளின் பெயராக இருந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழர் யார் படித்தாலும் ‘பனியன்’ என்றுதான் படிப்பார்கள்.

முதல் வரைவில் கண்டது

முதல் வரைவு இப்படி வந்தது: “ஆண்கள் பனியன். அச்சிட்ட சீட்டித் துணி. சோழமண்டலக் கரையில் இங்கிலாந்துக்காகச் செய்யப்பட்டது.”

மூன்று சிறு வாக்கியங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிழை. ஆனால் முதல் வாசிப்பில் பதிப்பாசிரியரின் கண்ணில் எதுவும் படவில்லை. காரணம் எளிது. அவர் வரைவை உரையாக மட்டும் படித்தார், படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை. படத்தோடு சேர்த்து முதலில் பார்த்தவர் ஆலோசகர். கையில்லாத உள்ளாடைக்குத் தமிழர் அனைவரும் சொல்லும் பெயரைக் கணுக்கால்வரை நீண்ட பூப்போட்ட அங்கிக்கு வைத்தால், அட்டையைப் படிப்பவர் தவறு படத்தில் இருக்கிறது என்று நினைப்பாரே தவிர, சொல்லில் இருக்கிறது என்று நினைக்க மாட்டார் என்று அவர் எழுதி அனுப்பினார்.

மொழிபெயர்ப்பாளர் கவனமில்லாமல் செய்த பிழை அன்று இது. அகராதி பார்த்தார். அதில் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே ‘உள்சட்டை, பனியன்’ என்று இருந்தது. தமிழ்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் ஒரே சொல் என்பதும் உண்மைதான். ஒரே சொல்தான், ஆனால் நூறு ஆண்டுகளுக்கு மேலான இடைவெளியில் இரண்டு வேறு ஆடைகளைச் சுட்டியிருக்கிறது. ஒலியும் எழுத்தும் பொருந்தி, அகராதியும் ஆமோதிக்கும்போது ஐயம் எழ வழியே இல்லை. இவ்வகைப் பிழை அறியாத சொல்லில் வராது. நன்றாகத் தெரிந்த சொல்லில்தான் வரும்.

முதலில் ஆடையைப் பார்த்தது

சொல்லை ஆராயும்முன் பொருளை ஆராய்வது என்று மூவரும் முடிவுசெய்தனர். சொல்லில் தொடங்கினால் அகராதி சொல்வதை ஆடையின்மேல் ஏற்றிவிடும் ஆபத்து உண்டு என்பதே காரணம். பெரிதாக்கிய படத்தில் நான்கு இடங்களைப் பார்த்தார்கள்.

தோள்: உடலும் கையும் சேருமிடத்தில் தனித் தையல் இல்லை. கை தனியாக வெட்டி வைத்ததன்று, உடல் துணியின் தொடர்ச்சியாகவே விரிந்தது. ஆடையைத் தரையில் பரப்பினால் ஆங்கில ‘டி’ எழுத்துப்போல் கிடக்கும். இது ஜப்பானியக் கிமோனோவை ஒத்த பழைய வெட்டு. இதே பெயரில் பிற்காலத்தில் வந்த இன்னொரு வகையில் கை தனியாக வெட்டித் தைக்கப்பட்டிருக்கும், உடலும் கோட்டைப்போல் ஒட்டி நிற்கும். 18ஆம் நூற்றாண்டில் இரண்டும் புழங்கின. ஆகவே பெயரை வைத்து வெட்டை முடிவுசெய்ய முடியாது.

பக்கம்: இடுப்புக்குக் கீழே இருபுறமும் முக்கோணத் துண்டுகள் சேர்க்கப்பட்டிருந்தன. உட்காரும்போது ஆடை இழுபடாமல் விரிவதற்கு இது.

முதுகு: முன்புறம் நிமிர்ந்து வளரும் கொடி முதுகிலும் நிமிர்ந்தே இருந்தது. ஒரே நீளத் துணியைத் தோளில் மடித்து வெட்டியிருந்தால் முதுகில் பூக்கள் தலைகீழாக நிற்கும். ஆகவே தோளின் மேல்விளிம்பில் இணைப்பு ஒன்று இருக்க வேண்டும், அல்லது ஆடையின் வடிவத்தை மனத்தில் வைத்தே கொடியைத் தீட்டியிருக்க வேண்டும். படத்தை மட்டும் கொண்டு இதற்குமேல் சொல்ல முடியாது என்று ஆலோசகர் நிறுத்திக்கொண்டார். அது சரியான முடிவு.

கோடு: பூவின் வெளிவரி ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்து ஓடியது. அச்சுக்கட்டையில் அப்படி வராது, கையால் எழுதினால்தான் வரும். ‘அச்சிட்ட’ என்ற சொல் இங்கே விழுந்தது. தரமான சோழமண்டலச் சீட்டி மூங்கில் எழுதுகோலால் தீட்டியது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் காக்கும். துளையிட்ட தாளின்மேல் கரிப்பொடி தட்டி வரிவடிவத்தைத் துணிக்கு இறக்குவார்கள். கறுப்பு வரவேண்டிய கோட்டை இரும்பு ஊறிய நீராலும், சிவப்பு வரவேண்டியதைப் படிகார நீராலும் எழுதிச் சாயவேரில் கொதிக்கவைப்பார்கள். படிகாரம் தொட்ட இடத்தில் மட்டும் சிவப்புப் பற்றும். நீலத்துக்கு, மற்ற இடங்களை மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்குவார்கள். இந்த முறையை 1742இல் ஒரு கடிதத்தில் விரிவாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பியவர் கேர்தூ என்ற பிரெஞ்சு சேசு சபைப் பாதிரியார். வடமொழிக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உறவு உண்டு என்று மிக முன்னதாகவே சுட்டிக்காட்டியவர்களில் இவரும் ஒருவர். சாயத்தையும் சொல்லையும் ஒரே கவனத்தோடு பார்த்த மனிதர்.

‘இங்கிலாந்துக்காக’ என்பதும் நிற்கவில்லை. உள்நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளர்களின் எதிர்ப்பால் 1721இல் இங்கிலாந்து சட்டமியற்றி வண்ணப் பருத்தித் துணி உடுப்பதையே தடுத்தது. அந்தத் தடை 1774இல்தான் நீங்கியது. பிரான்சிலும் 1686 முதல் 1759 வரை தடை இருந்தது. ஒல்லாந்தில் அப்படி ஒரு தடை இல்லை. 1750–1775 என்ற காலத்தை வைத்துக்கொண்டு ‘இங்கிலாந்துக்காக’ என்று உறுதியாகச் சொன்னால் சட்டமே குறுக்கே நிற்கும். தடையை மீறியும் துணி போயிற்று என்றாலும், மூல அட்டை ‘ஐரோப்பியச் சந்தை’ என்று பொதுவாகச் சொன்னதற்குப் பொருள் இருந்தது. பெயர் ஆங்கிலத்தில் இருந்ததால் நாடும் இங்கிலாந்துதான் என்று மொழிபெயர்ப்பாளர் கொண்டுவிட்டார்.

பிறகு சொல்லைத் தேடியது

சொல்லாய்வுக்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டார்கள்: எந்தப் பொருளில், எந்தக் காலத்தில், யார் வாயில் என்ற மூன்றும் தெரியாமல் எந்தச் சான்றையும் குறிக்கக் கூடாது.

ஆடை ஐரோப்பாவுக்குப் போனது முதலில், பெயர் வந்தது பிறகு. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனி 1641 முதல் நாகசாகித் துறைமுகத்தின் தெஜிமா தீவில் வணிகம் செய்தது. அதன் அதிகாரிகள் ‘எதோ’ என்ற நகருக்கு (இன்றைய டோக்கியோ) போய், நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனைக் கண்டு வணங்கும்போது பஞ்சு வைத்துத் தைத்த பட்டுக் கிமோனோக்கள் பரிசாகக் கிடைத்தன. அவை ஆம்ஸ்டர்டாம் பணக்காரர்களின் ஆசைப்பொருளாயின. கிடைப்பது சில, கேட்பவர் பலர் என்றானபோது அதே வெட்டில் இந்தியத் துணிகளில் தைப்பது தொடங்கியது. ஒல்லாந்தர் அதை ‘ஜப்பானிய அங்கி’ என்றே அழைத்தனர். இன்றும் டச்சு மொழியில் ‘யபோன்’ என்றால் பெண்கள் உடுக்கும் கவுன். நாட்டின் பெயரே ஆடையின் பெயராகிவிட்டது.

லண்டனில் இது ‘இந்திய கவுன்’. சாமுவேல் பெப்பீஸ் தம் நாட்குறிப்பில் 1661 ஜூலை 1 அன்று ஓர் இழுப்பறைப் பெட்டியையும் ஓர் இந்திய கவுனையும் வாங்கியதாக எழுதுகிறார். பெட்டி 33 ஷில்லிங், கவுன் 34 ஷில்லிங். மரச்சாமானைவிட ஆடை ஒரு ஷில்லிங் கூடுதல். 1666இல் ஓவியம் வரையச் சொல்லி உட்கார்ந்தபோது வாடகைக்கு ஓர் இந்திய கவுன் எடுத்து உடுத்திக்கொண்டார். அந்த ஓவியம் லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் இருக்கிறது. இந்த ஆய்வுக்கு அதிலிருந்து தேவைப்பட்டது ஒன்றே: 1660களில் ஆடை லண்டனில் இருந்தது, ஆனால் பெப்பீஸ் அதை அழைத்தது ‘பனியன்’ என்றன்று. ஆடைக்கு அந்தப் பெயர் பரவலானது 18ஆம் நூற்றாண்டில்.

அப்படியானால் அதற்குமுன் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? வணிகர். குஜராத்தி வணிகச் சமூகத்தவரைக் குறிக்கும் ‘வாணியோ’ என்ற சொல். அதன் வேர் வடமொழி ‘வணிஜ்’. பாரசீக வளைகுடாவிலும் அரபுத் துறைமுகங்களிலும் குடியேறியிருந்த இந்த வணிகர்களை ஐரோப்பியர் ‘பன்யான்’ என்று எழுதினார்கள். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி இதற்கு இரண்டு வழிகளைச் சொல்கிறது: இறுதி ‘ன்’ போர்த்துகீசியர் சேர்த்ததாக இருக்கலாம், அல்லது பன்மை வடிவத்திலிருந்து வந்திருக்கலாம். போர்த்துகீசியர் வருமுன்பே அரபு வணிகர் வாயில் இச்சொல் இருந்திருக்கும் என்றும் அது கருதுகிறது. அரபியில் ஆங்கில ‘v’ எழுத்தின் ஒலி இல்லை என்பதையும் வட இந்தியாவில் ‘பனியா’ என்ற பகர வடிவமே வழங்குவதையும் வைத்துப் பார்த்தால் முதலெழுத்து மாறியது வியப்பன்று. இந்த அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர்.

வணிகரின் பெயர் ஆடைக்கு ஏன் போயிற்று? இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் இந்துக்கள் பலரையும் அந்த ஒரே பெயரால் அழைத்தனர். இந்தியர் உடையைப்போல் தளர்ந்தது எதுவோ அது ‘பனியன் கவுன்’, ‘பனியன் சட்டை’ ஆனது. காலப்போக்கில் பின்சொல் உதிர்ந்தது. ஆலமரத்துக்கு ஆங்கிலத்தில் இதே பெயர் வந்ததும் இதே மனிதர்களால்தான். இன்றைய பந்தர் அப்பாஸில் இந்த வணிகர் ஓர் ஆலமரத்தடியில் கோயில் கட்டியிருந்தனர். அதைப் பார்த்த பயணிகள் ‘பனியன்களின் மரம்’ என்றனர். மரத்திலிருந்து ஆடையோ, ஆடையிலிருந்து மரமோ பெயர் பெறவில்லை. இரண்டும் ஒரே வணிகனின் வீட்டிலிருந்து பிரிந்தவை.

இங்கே நின்று ஒன்றைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இந்த அட்டையின் உயிரே இதில் இருக்கிறது. பெயர் குஜராத்தி. வெட்டு ஜப்பானியம். துணியும் சாயமும் சோழமண்டலம். உடுத்தவர் ஐரோப்பியர். வெட்டிய தையற்காரரும் கொடி தீட்டிய சாயக்காரரும் பெயரில் எங்கும் இல்லை. வாங்கியவர்கள் யாரைக் கடைக்காரராகக் கண்டார்களோ அவருடைய பெயரே நிலைத்தது. ஒரு பொருளின் பெயரை அதன் பிறப்புச் சான்றிதழாகக் கொள்பவர்கள் இந்த ஒரு எடுத்துக்காட்டைப் பார்த்தால் போதும்.

பெரிய கவுன் எப்படி உள்ளாடை ஆயிற்று? இந்திய வெயிலில் ஆங்கிலேயர் உடுத்த மஸ்லின் தளர்சட்டைக்கும் அதே பெயர் இருந்தது. அது படிப்படியாகச் சட்டைக்கு உள்ளே போயிற்று. மஸ்லின் போய்ப் பின்னல் துணி வந்தது. 1886 அகராதி இச்சொல்லுக்கு முதலில் மஸ்லினில் தைத்த உள்சட்டை என்றும், இப்போது இழுபடும் பருத்தி, கம்பளி, பட்டுப் பின்னலில் செய்த உள்ளாடை என்றும் பொருள் தருகிறது. ஆகவே இன்றைய பொருள் 19ஆம் நூற்றாண்டிலேயே முடிவாகிவிட்டது. திருப்பூரில் முதல் பின்னலாடைக் கூடம் 1925 அளவில் தொடங்கியதாகச் சொல்வார்கள். ‘பனியன் கம்பெனி’ என்ற வழக்கு உருவாகும்போது சொல் தன் கடைசிப் பொருளுக்கு வந்து சேர்ந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

வழியில் கிடைத்த தவறான வேர்கள்

குழுவுக்குள்ளேயே மூன்று வேர்கள் முன்வைக்கப்பட்டன.

முதலாவது ‘பனி + அன்’, பனிக்கு உடுப்பது. கேட்க இனிமையாக இருக்கிறது. மார்கழிக் குளிரில் சட்டைக்குள் போடுவது என்ற அனுபவமும் துணைநிற்கிறது. ஆனால் இந்தியில் பனியான், தெலுங்கிலும் மலையாளத்திலும் ஏறத்தாழ இதே ஒலி, சிங்களத்தில் பெனியம என்று தமிழ் அல்லாத பல மொழிகளிலும் இருப்பதை இந்த வேர் விளக்காது. பத்து நிமிடத்தில் கைவிட்டார்கள்.

இரண்டாவது, ஆலமரத்திலிருந்து வந்தது என்பது. அதற்கு மேலே விடை இருக்கிறது.

மூன்றாவது கடினமானது, பதிப்பாசிரியர் விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டது: தமிழ் ‘வாணியன்’தான் உலகம் சுற்றிப் ‘பனியன்’ ஆயிற்று. ‘வாணியன்’ என்ற தமிழ் வடிவைச் சுட்டும் அகராதிக் குறிப்புகளும் உண்டு. தமிழில் இச்சொல்லின் பழமையையும் குறைத்துப் பேச முடியாது. புகழூர்த் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் கருவூர்ப் பொன் வாணிகன் வருகிறான். அழகர்மலையில் உப்பு வணிகன் வருகிறான். குறள் வாணிகத்துக்கே அறம் வகுக்கிறது.

ஆனால் பழமை வேறு, பயணவழி வேறு. ஐரோப்பியர் பயன்படுத்திய சொல் சுட்டியது மேற்குக் கரை வணிகரை; அவர்கள் அதைக் கேட்டது குஜராத், பாரசீக வளைகுடாத் துறைமுகங்களில். ஒலியும் உதவுகிறது. தமிழ் ‘வாணியன்’ தமிழுக்குள்ளேயே பொருள் மாறி ஆடையாகியிருந்தால் ‘வா’வும் ‘ணி’யும் அப்படியே இருந்திருக்கும். வகரம் பகரமாகி, நெடில் குறுகி, ணகரம் னகரமாகித் திரும்பி வந்திருப்பதே அந்தச் சொல் நாவளைக்கத் தெரியாத அயல் வாய்களைக் கடந்து வந்ததற்குச் சான்று. ‘வாணியன்’, ‘பனியன்’ இரண்டும் தமிழில் அருகருகே வாழும் பங்காளிகள். ஒன்று மற்றொன்றைப் பெற்றதன்று. பதிப்பாசிரியர் இந்த ண–ன வாதத்தைக் கேட்டபிறகுதான் ஒப்புக்கொண்டார். தாய்மொழிப் பற்றோடு முன்வைத்த கருத்தைத் தாய்மொழியின் எழுத்தை வைத்தே விளக்கியது பலனளித்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆடைக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் இரண்டு நாள் போயிற்று.

‘மெய்ப்பை’ அழகான சொல். முல்லைப்பாட்டில் யவனர் அணிந்த சட்டைக்கு வருகிறது, அயலார் ஆடை என்ற பொருத்தமும் உண்டு. ஆனால் அது பாசறைக் காவலரின் உடை. வீட்டில் ஓய்வாக இருப்பவர் உடுப்பதற்கு ஒவ்வாது, அட்டை படிப்பவருக்கும் தெரியாது. சிலப்பதிகாரத்தில் வரும் ‘கஞ்சுகம்’ பணியாளர் சட்டை என்பதால் விலக்கப்பட்டது. ‘ஜிப்பா’ தளர்ந்தது, அரபு ‘ஜுப்பா’விலிருந்து வந்தது, எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் இன்று அது முழங்கால்வரை வரும், முன்புறம் மூடிய சட்டை. ‘மேலங்கி’ என்றால் வெளியே போகும்போது போடுவது என்ற நினைப்பு வரும். இதுவோ சட்டைக்கும் கால்சட்டைக்கும் மேலே, ஆனால் பெரும்பாலும் வீட்டுக்குள் உடுப்பது. பொய்முடியைக் கழற்றிவைத்து, மழித்த தலையில் குல்லாயோடு படிக்கவும் நண்பர்களைச் சந்திக்கவும் உடுத்தார்கள். ஐசக் நியூட்டன் முதல் பாஸ்டன் வணிகர்கள் வரை பலர் இந்த ஆடையில் ஓவியமாகியிருக்கிறார்கள்.

கடைசியில் ‘வீட்டங்கி’ என்று முடிவாயிற்று. ‘அங்கி’ என்றால் பாதிரியார், வழக்கறிஞர், யோசேப்பின் பலவருண அங்கி என்று நினைவுகள் வரும். நீளம், தளர்வு, மேலே உடுப்பது என்ற மூன்றையும் அந்த நினைவுகளே சுமந்து வருவதால் அது குறையாகப் படவில்லை. ‘வீடு’ மீதியைச் சொல்லிவிடும். இன்றைய டிரெஸ்ஸிங் கவுனின் முன்னோடி என்று ஒரு தொடரும் சேர்க்கப்பட்டது. கறுப்பு வெள்ளைப் படங்களில் பங்களாப் படிக்கட்டில் இறங்கிவரும் பணக்கார அப்பாவின் கவுனைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொடரே போதும்.

‘பனியன்’ என்ற சொல்லை அட்டையிலிருந்து முற்றிலும் நீக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. நீக்கினால் பிழை நேர வழியில்லை. ஆனால் பார்வையாளருக்குத் தெரிய வேண்டிய மிகச் சுவையான உண்மையும் போய்விடும். ஆகவே பெயர் ‘வீட்டங்கி’. அதன் கீழே, ஆங்கிலத்தில் இதன் பழைய பெயரே தமிழில் ‘பனியன்’ ஆயிற்று என்ற ஒரு வாக்கியம். முழு விளக்கம் கையேட்டில் தனிப்பக்கமாக.

பின் நடந்தது

அச்சுக்கு முன் கண்காட்சியோடு தொடர்பில்லாத ஆறு பேரிடம் படமும் அட்டையும் காட்டப்பட்டன. அவர்களில் ஒருவர் திருப்பூரில் நீண்ட காலம் வேலைபார்த்த கட்டிங் மாஸ்டர். “ஏனுங்க, பனியனுன்னா பின்னல் துணி. இது தறித் துணியாட்டத் தெரியுதுங்களே?” என்று கேட்டார். அவர் உலகில் பனியன் ஓர் ஆடையின் பெயர் மட்டுமன்று, துணியின் பெயரும்கூட. பனியன் துணி, பனியன் வேஸ்ட், பனியன் கம்பெனி எதிலும் உள்ளாடையைப் பற்றிய பேச்சே இல்லை. ஏற்றுமதி டி-சர்ட்டும் அங்கே பனியன்தான். சொல்லின் பொருள் 1886இல் நின்றுவிடவில்லை, திருப்பூரில் இன்னொரு படி நகர்ந்திருக்கிறது என்பதை மூவரும் அவரிடமிருந்தே கற்றார்கள். கையேட்டுப் பக்கத்தில் அது சேர்ந்தது. அவர் அன்றாடம் சொல்லும் ‘சிங்கிள் ஜெர்சி’ என்ற பின்னல் துணியின் பெயரில் இருப்பது ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஜெர்சி தீவின் பெயர் என்பதும் சேர்ந்தது. பக்கத்துத் தீவான கெர்ன்சியின் பெயரே வங்காளத்தில் ‘கெஞ்சி’ ஆகி, அங்கே பனியனைக் குறிக்கிறது.

மற்ற ஐவரில் நால்வர் பெயரைப் படித்து ஆடையைச் சரியாகப் புரிந்துகொண்டனர். ஒருவர் மட்டும் ‘பனியன்’ என்ற சொல்லைக் கண்டவுடன் மேலே உள்ளதை விட்டுவிட்டு அதையே பெயராக எடுத்துக்கொண்டார். அட்டையில் அந்தச் சொல் தடித்த எழுத்தில் இருந்ததே காரணம். அது சாதாரண எழுத்தாக்கப்பட்டது.

எதிர்பாராத பிழை வேறு இடத்தில் வந்தது. விளம்பரத் தாளை வடிவமைத்தவர் தனியாக வேலைசெய்தார். அவரிடம் பழைய குறிப்புகளில் ஒன்று இருந்திருக்கிறது. “உலகம் சுற்றி வந்த தமிழ் வாணியன்” என்ற தலைப்போடு தாள் அச்சாகி வந்துவிட்டது. குழு கைவிட்ட வேர், குழுவின் பெயராலேயே வெளியே போயிற்று. முதல் கட்டுத் தாள்கள் ஏற்கெனவே சில இடங்களில் ஒட்டப்பட்டிருந்தன. அவற்றைத் திரும்பப் பெறவில்லை. இரண்டாம் கட்டில் தலைப்பு மாற்றப்பட்டது. கண்காட்சிக்கு வந்தவர்களில் சிலர் அட்டை ஒன்று சொல்கிறது, தாள் வேறு சொல்கிறது என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. நுழைவாயிலில் ஒரு திருத்தக் குறிப்பு வைக்கப்பட்டது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

மொழிபெயர்ப்பாளருக்கு உரையை மட்டும் அனுப்பாமல் படத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். படம் இருந்திருந்தால் முதல் பிழை நேர்ந்திருக்காது.

தமிழிலும் மூலத்திலும் ஒரே ஒலியுள்ள ஆடை, துணிப் பெயர்களைத் தொடக்கத்திலேயே பட்டியலிட்டு ஒவ்வொன்றையும் காலத்தோடு சரிபார்க்க வேண்டும். இந்தக் கையேட்டிலேயே ‘காலிகோ’, ‘மஸ்லின்’, ‘சீட்டி’ மூன்றும் அந்தப் பட்டியலில் வரவேண்டியவை. சீட்டி என்றால் இன்று பலருக்குப் பாவாடைக்கு எடுக்கும் மலிவான அச்சுத்துணி. கையால் தீட்டிய விலையுயர்ந்த துணி என்பதை அட்டை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். முதல் வரைவில் ‘அச்சிட்ட’ என்ற சொல் நுழைந்ததற்கும் இன்றைய அந்தப் பொருளே காரணமாக இருந்திருக்கும்.

கைவிட்ட கருத்துகளைக் குறிப்புகளில் அப்படியே விடாமல் ‘கைவிடப்பட்டது, காரணம் இது’ என்று குறித்துவைக்க வேண்டும். இறுதி முடிவுகளை எழுதிய தாள், வடிவமைப்பாளர் உட்பட எல்லார் கையிலும் இருக்க வேண்டும்.

துணித்தொழிலில் இருப்பவரிடம் கடைசியில் காட்டியதும் தவறான வரிசை. அவரை முதல் வாரத்திலேயே கேட்டிருந்தால் பின்னல், தறி என்ற வேறுபாட்டிலிருந்தே ஐயம் தொடங்கியிருக்கும்.

இரண்டாம் பதிப்பில் அட்டை இவ்வாறு அச்சாயிற்று:

“ஆண்கள் வீட்டங்கி. கையால் தீட்டிய சீட்டித் துணி, பருத்தி. சோழமண்டலக் கரை, சுமார் 1750–1775. ஐரோப்பியச் சந்தைக்காகச் செய்தது. சட்டைக்கு மேல், வீட்டில் உடுப்பது. இன்றைய டிரெஸ்ஸிங் கவுனின் முன்னோடி. வெட்டு ஜப்பானியக் கிமோனோவை ஒத்தது. குஜராத்தி வணிகர்களைக் குறித்த சொல்லே ஆங்கிலத்தில் இதற்குப் பெயராயிற்று. அச்சொல் பின்னர் உள்சட்டையைக் குறித்து, தமிழில் பனியன் என வழங்குகிறது.”